மதலேன் அக்கா அறுத்துக் காட்டிய கிழங்குகள்

கத்தியை வெந்நீரில் முக்கி எடுத்து, துணியில் துடைத்து, மதலேன் அக்கா முதல் கிழங்கை இரண்டாகப் பிளந்தார்.

புதுச்சேரி, தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சிப்ஸ் கம்பெனியின் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. சோதனை அறை என்று பேர். மேசை மேல் ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு உருளைக்கிழங்குகள். மூன்று வாரத்துக்கு முன்னால் நான்கு டப்பாக் கிழங்குகளில் பென்சில் பருமனுக்குத் துளை போட்டு, துளைக்குள் அழுகல் பூஞ்சையைக் கொஞ்சம் வைத்து மூடியிருந்தார் அக்கா. அன்றைக்குத்தான் அறுத்துப் பார்க்கும் நாள்.

பிளந்ததும் ஈர மண்ணும் பழைய கோணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. துளை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் வெளிர் ரோஜா நிறத்தில் பஞ்சு.

"பாத்தியா தனம்? உள்ள எவ்ளோ தூரம் போயிருக்கு பாரு."

அது வெள்ளைத் தோல் ரகம். அடுத்த டப்பா சிவப்புத் தோல். அதை அறுத்தபோது துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் தெரிந்தது. அதைத் தாண்டி ஒன்றுமே இல்லை. சுத்தமான மாவு.

"இது மட்டும் ஏங்க்கா இப்டி நின்னுடுச்சு?"

"அது கதவ சாத்திக்கிச்சு" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. அடுத்த கிழங்கை எடுத்துவிட்டார்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் எங்கள் நெல்லித்தோப்பு வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "உங்களுக்குத் தோழிகளே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். இருந்தார் ஒருவர். அவரைப் பற்றி எழுத இத்தனை வாரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

மதாம்

கம்பெனியில் எல்லாரும் அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் 'சொல்தா வீடு' என்போமே, அப்படி ஒரு வீடு. பயிர் நோய்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். பிரான்சிலேயே இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியிருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். வரும் கிழங்கைச் சோதித்துச் சொல்வது அவர் வேலை.

நான் கிடங்கு மேற்பார்வை. லாரியிலிருந்து கிழங்கை இறக்கும் ஏழு பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி. தாவரவியல் பட்டப் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவள். அதை எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு நாள் என்னைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார்.

"மைக்ரோஸ்கோப்ல பாத்து எத்தினி வருஷம் ஆச்சு?"

"முப்பது இருக்கும் மதாம்."

"வா, பாரு. மதாம் கிதாம்னு கூப்புடாத. அக்கான்னு கூப்புடு."

கண்ணை வைத்துப் பார்த்தேன். பிறை நிலா மாதிரி வளைந்த சின்னச் சின்ன வித்துகள். கிழங்கை அழுக வைக்கும் பூஞ்சை அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்று மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் அந்த அறையிலேயே சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வேறு எங்கும் நான் சாப்பிட்டதில்லை. அவர் இருந்த வரைக்கும்.

அவர் வீட்டில் செய்யும் ரகூ என்கிற பிரெஞ்சுக் கறிக்குழம்பில் உருளைக்கிழங்கைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டிருப்பார்கள். நான் கொண்டுபோகும் கருவாட்டுக் குழம்பை மூடி திறப்பதற்குள் கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் அம்மாவுக்குக் கருவாட்டு வாசனை ஆகாதாம். அதனால் வீட்டுக்குப் போகுமுன் எலுமிச்சம் பழத்தோலால் கையைத் தேய்த்துக் கழுவுவார். அறுபதை நெருங்கும் பெண், அம்மாவுக்குப் பயந்துகொண்டு.

கதவைச் சாத்தும் கிழங்கு

புதுச்சேரியில் உருளைக்கிழங்கு விளையாது. எங்கள் வெயிலுக்கு அது கிழங்கே வைக்காது. எல்லாம் மலைப்பக்கமிருந்தும் ஓசூர்ப் பக்கமிருந்தும் லாரியில்தான் வரும். விளையாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதன் நோயைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் சொல்லிக்கொடுத்ததில் மறக்காதது இது. அழுகல் பூஞ்சை இல்லாத மண் கிடையாது. எல்லாக் கிழங்கின் தோலிலும் அது ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக அதற்குத் தெம்பு கிடையாது. ஒரு கீறல் வேண்டும், ஒரு அடி வேண்டும்.

காயம் பட்ட கிழங்கு சும்மா இருக்காது. காயத்துக்கு அடியில் தக்கை மாதிரி ஒரு புதுத் தோலை உண்டாக்கும். அது கெட்டிப்படுவதற்குள் பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டால் கிழங்கு போச்சு. சில ரகம் அந்தத் தோலைச் சீக்கிரம் போடும். சில ரகம் மெதுவாகப் போடும். வேறு சில, பூஞ்சை வந்த இடத்தைச் சுற்றித் தன் சதையையே கசப்பாக்கி, அதை அங்கேயே நிறுத்திவிடும். எங்கள் சிவப்புத் தோல் அந்த ஜாதி.

"அப்ப சிவப்பையே எல்லாரும் போடலாமேக்கா?"

"இந்தப் பூஞ்சைய தடுக்கும். வேற ஒண்ணு வந்தா விட்டுடும். அதோட தோல்ல சொறி வருது. வறுத்தா கருத்துப்போவுது. எல்லாத்தையும் தாங்குற ரகம் இன்னும் பொறக்கல தனம்."

முதலாளிக்கு வெள்ளைத் தோல்தான் பிடிக்கும். வறுத்தால் பொன் மாதிரி வரும். ஆனால் அந்த வருஷம் வெள்ளைத் தோல் கிழங்கு எங்கள் கிடங்கில் மூட்டை மூட்டையாக அழுகியது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து நஞ்சப்பா என்கிற விவசாயி அனுப்பிய கிழங்கு அது. நோய் பிடித்த லோடை அனுப்பிவிட்டான் என்று முதலாளி குதித்தார். அதற்காகத்தான் இந்தச் சோதனை.

ஐந்தாவது டப்பாவைக் கடைசியில் திறந்தார் அக்கா. அதிலும் வெள்ளைத் தோல்தான். நஞ்சப்பாவின் வயலிலிருந்து அக்காவே வைக்கோலில் சுற்றி வரவழைத்தது. அதில் துளை போடவில்லை. தோல் மேல் பூஞ்சையைத் தடவி மட்டும் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அறுத்தார். பத்தும் பால் மாதிரி இருந்தன.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தாளு அனுப்புனது நல்ல கிழங்கு. இங்க வந்துதான் அடிபட்டிருக்கு."

ஆள் உயரத்தில் நிற்கும் லாரியிலிருந்து கிழங்கைச் சிமெண்டுத் தரையில் கொட்டுவோம். கொட்டிய கையோடு குளிர் அறைக்குத் தள்ளிவிடுவோம். காயம் ஆறக் கொஞ்ச நாள் மிதமான சூடும் ஈரமும் வேண்டும், குளிரில் ஆறாது என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தார். கொட்டியவர்கள் என் ஆட்கள். கொட்டச் சொன்னவள் நான்.

வாசலில் நஞ்சப்பா

அக்கா அறிக்கை எழுதி முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எறக்குறது உன் ஆளுங்கதான தனம்? கை வேல சரியில்லன்னா சொல்லு. மெஷினு வச்சிட்டுப் போறேன். ஏழு பேரும் வீட்டுக்குப் போவட்டும்."

அவர் அறிக்கையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் நஞ்சப்பா வந்தார். லாரியோடு வந்திருந்தார். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. இந்த லோடு வேண்டாம் என்று சொல்லச் சொல்லி உத்தரவு. நஞ்சப்பா குள்ளமான மனிதர், தலையில் துண்டு. கத்தவில்லை. லாரியில் ஏறி, மேலே போட்டிருந்த வைக்கோலை விலக்கி, இரண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நானும் அக்காவும் அப்போது உள்பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

"அம்மா, நீங்கதான எறக்குறப்ப நின்னீங்க. போன லோடு வர்றப்ப நல்லா இருந்துச்சா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்கம்மா. ஊர்ல எல்லாரும் என்னைய நோய்க் கெழங்கு வித்தவன்னு சொல்றாங்க."

எனக்குப் பின்னால் ஏழு பெண்களும் நின்றார்கள். அவர்களில் அஞ்சலை மட்டும் என் முதுகில் லேசாகக் கை வைத்தாள். அந்தக் கையின் சூடு இப்போதும் தெரிகிறது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

நஞ்சப்பா கையிலிருந்த கிழங்குகளைக் கேட்டின் கம்பிக்கு இடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது.

அக்காவும் பேசவில்லை. அன்று மதியம் சோதனை அறை பூட்டியிருந்தது. நான் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெண்களோடு போய் உட்கார்ந்தேன். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

படகுத்துறை

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் கம்பெனியில் எல்லாரையும் நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிப்போனார்கள். பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போய் வந்தோம். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அன்றுதான் தெரிந்தது. படகு ஆடியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போதும் பிடித்தார், வரும்போதும் பிடித்தார். இடையில் கரையில் நடந்தபோதும் விடவில்லை.

"கரைக்கு வந்தாச்சுக்கா."

"தெரியுது. நீ சும்மா வா."

ஐம்பதைத் தொடும் வயதில் ஒருத்திக்குப் புதிதாக ஒரு தோழி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. கல்யாணம், குழந்தைகள், மாமியார், வேலை என்று ஓடிய வருஷங்களில் என் கையை யாரும் சும்மா பிடித்துக்கொண்டு நடந்ததில்லை.

நஞ்சப்பா வந்து போன இரண்டு மாதத்தில் அக்காவின் அம்மா தவறிப்போனார். மாதா கோயிலுக்குப் போனேன், கல்லறைக்கும் போனேன். கூட்டத்தில் அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். பிரிட்டனி என்கிற மாகாணத்தில் தங்கை வீடு. அங்கே ஏதோ உருளைக்கிழங்குப் பண்ணையில் புது ரகங்களைச் சோதிக்கும் வேலை என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சோதனை அறையில் கூடுதல் எண்ணெய் டின்களை அடுக்கினார்கள். டின் எடுக்கும் சாக்கில் சும்மா உள்ளே போய் நின்றுவிட்டு வருவேன்.

நானே போட்ட சோதனை

அடுத்த வருஷம் வேறொரு விவசாயியின் லோடு. அதே வெள்ளைத் தோல். அதே அழுகல். முதலாளி அதே குதி குதித்தார்.

இந்தத் தடவை எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த லாரி வந்ததும் இறக்குவதற்கு முன்னால் நானே மேலே ஏறி நாற்பது கிழங்கைக் கையால் பொறுக்கினேன். இருபதை அப்படியே வைத்தேன். இருபதை ஆள் உயரத்திலிருந்து சிமெண்டில் போட்டேன். எல்லாவற்றின் மேலும் கிடங்குத் தரை மண்ணைத் தடவினேன். அக்காவிடம் இருந்த சுத்தமான பூஞ்சை என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் கிடங்கு மண்ணில் அது இல்லாமலா இருக்கும்? எண்ணெய் டின்களுக்குப் பின்னால் இரண்டு டப்பாவில் மூடி வைத்தேன். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு டப்பாக்களோடு முதலாளி அறைக்குப் போனேன். அவர் கண் முன்னால் அறுத்தேன். கையால் வைத்தவை சுத்தம். கீழே போட்டதில் பாதிக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தது.

"சார், இது நம்ம கையில பட்ட அடி. போன வருஷமும் அதுதான். மதாம் எழுதிக் குடுத்தது உங்க டிராயர்ல இருக்கு."

"இத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"பயந்துட்டேன் சார்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

பிறகு கிழங்கை இறக்க ஓடும் ரப்பர் பட்டை வந்தது. லாரியிலிருந்து கிழங்கு அதில் உருண்டு மெத்தை மாதிரி விரித்த சாக்கில் இறங்கும். காயம் ஆற இரண்டு வாரம் தனி அறையில் வைத்துவிட்டுத்தான் குளிர் அறை. அழுகல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பட்டை வந்ததும் ஏழு பேர் தேவைப்படவில்லை. இரண்டு பேருக்கு வேலை போனது. அதில் ஒருத்தி அஞ்சலை. இப்போது வேறு பட்டறையில் இருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் மேல் எனக்குக் குறையில்லை.

நஞ்சப்பாவின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கிழங்கு போடுவதை விட்டுவிட்டுப் பட்டுப்பூச்சி வளர்ப்பதாகச் சொன்னார்.

"பரவால்லீங்கம்மா. எங்க ஊர்ல நாலு பேருகிட்ட இதச் சொல்வீங்களா?"

சொன்னேன். அவர் போனைக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். டீக்கடையில் நின்று கொடுத்தார் போலிருக்கிறது, டம்ளர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மதலேன் அக்காவுக்கு மட்டும் போன் செய்யவில்லை.

அல்லோ

இந்த அத்தியாயத்தை எழுத அவருடைய அனுமதி வேண்டுமே. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போன மாதம் ஒரு மாலையில் கூப்பிட்டேன். அங்கே மதியம்.

"அல்லோ?"

அந்தக் குரலைக் கேட்டதும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"அக்கா, நான் தனம்."

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லு தனம்."

சொன்னேன். டப்பாக்கள், முதலாளி, ரப்பர் பட்டை, அஞ்சலை, நஞ்சப்பா, எல்லாம். குறுக்கே ஒரே ஒரு தடவைதான் கேட்டார், மண்ணைத் தடவுமுன் கிழங்கைக் கழுவினாயா என்று. கழுவினேன் என்றேன். "நல்லது" என்றார்.

"இது எப்ப நடந்துச்சு?"

"நீங்க போன அடுத்த வருஷம்."

"நாலு வருஷமா ஏன் சொல்லல?"

"உங்க நம்பரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். "நம்பர் இருந்துச்சுக்கா. வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு உன் மேல கோவம்னு நெனச்சியா?"

"ஆமா."

"அந்த அறிக்கைய எழுதுனது யாரு? நான். அன்னிக்கு கேட்டுக்குப் பக்கத்துல நானும்தான நின்னேன். நோய் உங்க கெழங்குல இல்லய்யான்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருக்கலாமில்ல? அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, வேல போயிட்டா பொழுது போவாதேன்னு வாய மூடிக்கிட்டேன். உனக்காவது காப்பாத்த ஏழு பேரு இருந்தாங்க. எனக்கு யாரு இருந்தாங்க? உன்ன பாக்குறப்பல்லாம் அதான் ஞாபகம் வந்துச்சு. அதான் சொல்லாம வந்துட்டேன்."

இரண்டு பேரும் ஒருவர் மூக்குறிஞ்சுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவர் பண்ணையைப் பற்றிப் பேச்சு வந்தது. அழுகலையும் தாங்கி, சொறியும் பிடிக்காத ஒரு ரகத்துக்காக வருஷம்தோறும் நூற்றுக்கணக்கான கிழங்கை அறுத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஒன்றில் நல்லது இருந்தால் இன்னொன்றில் குறை. வெளியே மழை, எப்போதும் மழை என்றார். கருவாடு கிடைக்காது, கிடைத்தாலும் யாரோடு சாப்பிடுவது என்றார்.

"எழுதிக்கறேன்க்கா?"

"எழுது. என் பேர போட்டே எழுது. நான் வாய் தொறக்கலங்கறதையும் எழுது."

"எப்ப வருவீங்க?"

"வீட்ட வித்தாச்சு தனம். வந்தா எங்க தங்குறது?"

"நெல்லித்தோப்புல. என் வீட்ல."

மழைச் சத்தம்தான் கேட்டது, இல்லை அது போனின் இரைச்சலோ என்னவோ. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"உங்க வீட்ல கட்டில் ஒசரமா, தாழ்வா?"

"தாழ்வுதான்க்கா. ஏன்?"

"எனக்கு முட்டி மடங்கறதில்ல."

அதற்கு மேல் வேறு ஏதேதோ பேசினோம். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு, கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வைத்து அடிக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "இது இன்னா கூத்து?" என்று கேட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுக்கொண்டார். நான் குட்டை. இப்போது அதில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படுவதில்லை. தொங்கப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.